கையளவு தூபி

என் ஊர் பாலக்காட்டு எல்லையிலுள்ள கோழிஞ்சாம்பாறை. என் அறைத்தோழரின் ஊர் இடுக்கி எல்லையிலுள்ள மறையூர். இரண்டும் கேரளத்தில் இருப்பினும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழியாகத்தான் செல்ல வேண்டும். சென்ற விடுமுறையில் அவர் ஊருக்குச் சென்றிருந்தபோது பாறைமேட்டு முனியறைகளைக் காட்டினார். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. “இறந்தவரை நினைக்க மனிதன் முதலில் கல்லைத்தான் தேடியிருக்கிறான்” என்றார் நண்பர். பௌத்தர்களின் தூபியும் ஈமமேட்டிலிருந்து வளர்ந்ததுதானே என்று பேச்சு திரும்பிற்று. சங்கக் கண்காட்சிக்கு ஒரு சிறு தூபி செய்வது என்ற முடிவு அங்கேதான் பிறந்தது.

எந்தத் தூபியைச் செய்வது? சாஞ்சியின் பெருந்தூபி 36 மீட்டருக்கு மேல் விட்டமுடையது; அதைச் சுருக்கினால் வேலைப்பாடெல்லாம் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையோ சிறு தூபிகளின் ஊர். 1917-இல் பால் பீரிஸ் அங்கே அகழ்ந்தபோது, ஒரே இடத்தில் நெருங்கி நின்ற அறுபதுக்கு அருகான தூபிகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. பவளக்கல்லால் கட்டிச் சுதை பூசியவை. சிறியவை சுமார் இரண்டு மீட்டர் விட்டம், பெரியவை ஏழு மீட்டர். அவற்றில் நான்கு மீட்டர் அளவுள்ள ஒன்றை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்க எண்ணினோம். எட்டு சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும்.

“நமக்கு எதற்கையா இந்த வேலை? புத்தர் கோயில் நம்முடையதா?” என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மணிமேகலை எந்த மொழியில் எழுந்த காப்பியம் என்று நான் திருப்பிக் கேட்டேன். இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரே தானமாகியது. அங்கு நின்ற பழைய கட்டடத்தை 1867-இல்தான் இடித்தார்கள். கேள்வி அத்துடன் அடங்கவில்லை. அது பின்னர் வருகிறது.

தூபியின் உறுப்புகள் எளியவை. அடியில் வட்டமேடை, அதன்மேல் அண்டம் எனப்படும் அரைக்கோளம், அதன் உச்சியில் ஹர்மிகை என்னும் சதுரப் பெட்டி, பெட்டியிலிருந்து எழும் தண்டில் சத்திரம், அதாவது குடை. கணிப்பொறியில் இவற்றை வரைய அரைமணி போதும். துறைப் பட்டறையிலுள்ள முப்பரிமாண அச்சுப்பொறி, உருகிய பிளாஸ்டிக் இழையை 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள படலம் படலமாக அடுக்கி உருவாக்கும். நான்கு சென்டிமீட்டர் உயர அண்டத்திற்கு 200 படலங்கள்.

இங்கேதான் கணிதம் தன் குறும்பைக் காட்டிற்று. அண்டத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கும்வரை படிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. உச்சியை நெருங்க நெருங்க ஒவ்வொரு படலமும் முந்தியதைவிட வெகுவாகச் சுருங்குகிறது. 40 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் உச்சிக்கு 0.2 மில்லிமீட்டர் கீழே வெட்டினால், அந்த வட்டத்தின் ஆரம் நான்கு மில்லிமீட்டர். ஆகவே உச்சியில் எட்டு மில்லிமீட்டர் அகலத் தட்டை விழுந்தே தீரும். நாங்கள் வருந்தினோம். பிறகு சிரித்தோம். அந்த இடத்தில்தானே ஹர்மிகை உட்கார வேண்டும்! பழங்காலக் கொத்தர்களும் பெட்டியை இருத்த உச்சியைத் தட்டையாகத்தான் விட்டார்கள்.

குடை அவ்வளவு இலகுவாக அமையவில்லை. அந்தரத்தில் நீளும் விளிம்பைப் பொறி தாங்காது, இழை தொங்கிவிடும். குடையைத் தலைகீழாகத் தனியே அச்சிட்டு, பித்தளைக் கம்பியில் கோத்தோம்.

முதல் உருவத்தை ஊருக்கு எடுத்துச் சென்றேன். பங்குனி வெயிலில் மூடிய காருக்குள் ஒரு பகல் வைத்திருந்தேன். இந்தப் பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்திலேயே இளகும் என்பதைப் படித்திருந்தும் மறந்தேன். மாலையில் பார்த்தால் புத்தரின் தூபி சாய்ந்த இட்டலி ஆகியிருந்தது.

மண்ணில் செய்வோம் என்று அப்போதுதான் தோன்றிற்று. நாளந்தாவில் அடியார்கள் காணிக்கையாக வைத்த சிறு மண்தூபிகள் கிடைத்துள்ளன. சிலவற்றின் உள்ளே புத்தரின் அறவுரை பொறித்த முத்திரைகள் இருந்தன. அச்சில் வார்த்துப் பலவாகப் பெருக்கும் தொழில் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

பொறியில் ஒரு பிளாஸ்டிக் அச்சு செய்துகொண்டு எங்கள் ஊர் மண்பாண்டத் தொழிலாளி ஒருவரிடம் போனோம். மண் உள்ளே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. பெரியவர் அச்சைத் தட்டிப் பார்த்தார்.

“இது தண்ணி குடிக்காது தம்பி. குடிக்காத அச்சு மண்ணை எப்படி விடும்?”

உண்மைதான். பிளாஸ்டிக்கில் உருவத்தை மட்டும் செய்து, அதைச் சுற்றிப் பாரிஸ் சாந்தை வார்த்து, அந்தச் சாந்தையே அச்சாகக் கொண்டோம். சாந்து ஈரத்தை உறிஞ்ச, மண் தானே சுருங்கிக் கழன்றது. எங்கள் மண் காய்ந்து வெந்தபின் பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. ஆகவே எட்டு சென்டிமீட்டர் வேண்டுமானால் மூல உருவம் 8.9 இருக்க வேண்டும். கெட்டியான மண்ணுருண்டை சூளையில் வெடிக்குமென்று, அடியிலிருந்து குடைந்து விரற்கனம் மட்டும் விடச் சொன்னார் பெரியவர். முத்திரை வைக்க இடமும் கிடைத்தது.

இனி அந்தப் பழைய கேள்வி. அட்டையில் என்ன எழுதுவது? கந்தரோடையைச் சிங்களத்தில் கதுருகொட என்பர். இது யாருடைய தூபி என்ற வழக்கு இலங்கையில் இன்றும் சூடானது. “தமிழர் தூபி” என எழுதுவோம் என்றார் ஒருவர். “பௌத்தத் தூபி” போதும் என்றார் மற்றவர். இரவு பதினோரு மணிவரை வாதம். எனக்கோ வேறொரு கவலை. அங்கே பலவற்றில் அடிப்பகுதியே எஞ்சியிருந்தது; மேற்பகுதியைப் பிற்காலத்தில் கட்டி முடித்தார்கள். நாங்கள் ஒளிப்படம் பார்த்து அளவெடுத்ததும் அந்தப் புதிய அண்டத்தைத்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் வார்த்துவிட்டு, அது யாருடையது என்று சண்டையிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே மேடையை மண்ணிறத்தில் விட்டு, அண்டம் முதல் குடைவரை சுண்ணாம்பு பூசினோம். அட்டையில் ஊர்ப்பெயர் இரண்டும், அகழ்ந்த ஆண்டும், “வெள்ளைப் பகுதி ஊகம்” என்பதும் உள்ளன. இரு கட்சியாருக்கும் நிறைவில்லை.

பன்னிரண்டு வார்த்தோம், மூன்று சூளையில் பிளந்தன. ஒன்பது சங்க அறை அலமாரியில் இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்கலாம். குடையைப் பிடித்து மட்டும் தூக்க வேண்டாம்.