நடமாட இயலாத நோயாளிகளும் ஓட்டுநர் பயிற்சியும்

மருத்துவமனையின் வாயிலை அடைந்த பின்னரே சிகிச்சை தொடங்குகிறது என்று எண்ணுவது வழக்கம். நடக்க இயலாதவரைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரியன்று. படுக்கையிலிருந்து அவரைத் தூக்கும் கணத்திலேயே நன்மையோ தீமையோ தொடங்கிவிடுகிறது. ஆதலால் அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு வண்டியோட்டும் திறமை மட்டும் போதாது.

சித்தூர்ப் பகுதியில் இத்தேவை தெளிவாகப் புலனாகும். ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம், ரூயா மருத்துவமனை, எலும்பு மூட்டு நோயாளிகளுக்கும் உடற்குறை உடையோருக்குமென அமைந்த பர்ட் மருத்துவமனை ஆகியவை திருப்பதியில் உள்ளன. சித்தூரிலிருந்து அந்நகரம் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தெற்கே வேலூர் ஏறத்தாழ 35 கி.மீ. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நோயாளிகளின் பயணம் அதனால் குறைந்துவிடவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் தொடங்கிய 108 சேவை அவசரத்துக்கு உரியது. வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் செல்வோர் பெரும்பாலும் வாடகைக் காரையும் ஆட்டோவையுமே நம்பியுள்ளனர்.

சாலை விபத்து முதுகுத்தண்டை எவ்வாறு தாக்கும் என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்க்கையே சான்று. 1954ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. பின்னர் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத் துறைக்கும் தலைமை தாங்கினார். அக்கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால், எஞ்சியுள்ள நரம்பும் சேதமடையக்கூடும். தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே குரலுக்கு இயங்கி, பலகையின்மேல் மாற்றுவதே முறை.

அடுத்து வேகத்தைக் கவனிப்போம். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ளவரை ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருக்கும். வேகம் 30 கி.மீ. ஆனால் அவ்விசை 21 கிலோவை எட்டும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது விசை இரண்டேகால் மடங்காகிறது. உடல்நலம் உடையவர் காலை ஊன்றிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே உணர்வற்றவரோ சாய்ந்து விழுவார். திருமலைச் சாலையின் கொண்டையூசி வளைவுகளில் இக்கணக்கை மறத்தலாகாது.

சக்கர நாற்காலியின் தடையை இட்டுவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. நாற்காலி வண்டியின் முன்பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் பட்டைகளால் தளத்துடன் பிணைக்கப்பட வேண்டும். அமர்ந்திருப்பவருக்குத் தனியே இடுப்பு வாரும் தோள் வாரும் தேவை. நாற்காலியில் இருப்பவரைச் சரிவுப் பலகையில் இறக்கும்போது பின்புறமாகவே இறக்குதல் நலம்.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகளும் உள்ளன. பக்கவாதமுற்றவரின் தளர்ந்த கையைப் பற்றி இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும். இரத்தச் சுத்திகரிப்புக்காக நாளம் இணைக்கப்பட்ட கையை அழுத்தலாகாது. அச்சிகிச்சை முடிந்து எழுபவருக்குத் தலைசுற்றல் வரலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறுநீர்க் குழாயின் சேகரிப்புப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். உணர்வற்ற தோல் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுந்தினால் புண்ணாகும். எனவே இடையில் வண்டியை நிறுத்தி உடல் நிலையைச் சற்று மாற்றுதல் அவசியம். கோடை வெயிலில் காய்ந்த உலோகப் பகுதி தோலைச் சுட்டாலும், உணர்வற்றவர் அதை அறியமாட்டார்.

இவற்றைச் சொற்பொழிவால் மட்டும் கற்பிக்க இயலாது. பயிற்சி பெறும் ஓட்டுநரையே நாற்காலியில் அமர்த்திப் பிணைத்து, வேறொருவர் மெதுவாக ஓட்டிக் காட்டலாம். திடலில் வண்டித் தளத்தின்மீது நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து, நீர் சிந்தாமல் நிறுத்தவும் திருப்பவும் பழக்கலாம். பள்ளி ஆசிரியர்கள் பொம்மை வண்டியின்மேல் சிறு கட்டையை நிறுத்தி, விசையின் இயல்பை மாணவர்களுக்கு விளக்கலாம். களப்பணியாளர்கள் வீட்டாருக்கும் தூக்கும் முறையைக் கற்பித்தல் வேண்டும். பல வீடுகளில் முதலில் தூக்குவோர் அவர்களே.

இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்குகின்றன. நோயாளி அறிந்த மொழியில், எந்தப் பக்கம் வலிக்கிறது, எவ்வாறு தூக்கினால் வசதி என்று முதலில் கேட்பது ஓட்டுநரின் கடமை. தம் உடலைப் பற்றி அவரே நன்கு அறிந்தவர். கேட்டறிந்த பின்னரே கை வைக்க வேண்டும். இதற்குக் கருவியோ செலவோ வேண்டியதில்லை. பயிற்சியின் முதல் பாடமாக இதனையே வைக்கலாம்.