தடுமாறிப் பழகும் கைகள்

மலையும் சமவெளியும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கீழே சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், மேலே ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஏற்காட்டின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். காற்று மெலிந்த இடத்தில் இறகுப்பந்து குறைந்த தடையுடன் விரைகிறது. அதனால்தான் உயரமான ஊர்களில் வேகம் குறைந்த பந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலே பனிமூட்டத்தில் பழகிய மாணவி கீழே வெயிலில் ஆடும்போது காற்று, வெளிச்சம், வெப்பம் எல்லாமே மாறிவிடுகின்றன. பழகிய இடத்தில் பிசகாமல் ஆடுவது ஒன்று, பழகாத இடத்தில் ஆட முடிவது வேறொன்று. உடற்கல்வி மாணவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டையும்தான். இந்த வேறுபாட்டை மறந்து, பயிற்சியில் தவறே வராமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம், திறனையும் மனநலத்தையும் சேர்த்தே பலவீனப்படுத்துகிறது.

ஆய்வுகள் காட்டுவது

நம் மைதானங்களில் வழக்கமான பயிற்சி முறை இது: ஒரே சர்வீஸை ஐம்பது முறை, பிறகு அடுத்த சர்வீஸை ஐம்பது முறை. பார்க்கிறவருக்கு முன்னேற்றம் கண்ணெதிரே தெரியும். இந்தக் காட்சி ஏமாற்றக்கூடியது என்பதை 1979-இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அசைவுகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், பின்னர் நடந்த நினைவுச் சோதனையில் முந்தினார்கள். 1986-இல் கூட், மெகில் இருவரும் இறகுப்பந்தின் மூன்று சர்வீஸ்களை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். பழகாத மறுபக்கக் கட்டத்திலிருந்து போடச் சொன்னபோதும் கலந்து பயின்றவர்களே சிறந்து நின்றார்கள். 1994-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வில், பந்து வகைகளைக் கலந்து எதிர்கொண்டவர்கள் 57 சதவீதம் முன்னேறினார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்களின் முன்னேற்றம் 25 சதவீதம் மட்டுமே. ஒரே அடியைத் தொடர்ந்து அடிக்கும்போது மூளை முதல் முறை எடுத்த முடிவையே மறுபடி பயன்படுத்துகிறது. அடி மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புதான் தடுமாற்றமாக வெளியே தெரிகிறது; கற்றல் நடப்பதும் அந்த உழைப்பில்தான்.

தொடக்கநிலையினர் குழம்பமாட்டார்களா?

இது நியாயமான கேள்வி. ராக்கெட்டைப் பிடிக்கவே தெரியாத குழந்தையிடம் மூன்று சர்வீஸ்களைக் கலந்து கொடுத்தால் மிஞ்சுவது குழப்பம்தான். உளவியலாளர்கள் ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் 1967-இல் திறன் கற்றலை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள்: புரிந்துகொள்வது, திருத்திக்கொள்வது, யோசிக்காமலே செய்வது. முதல் நிலையில் ஒரே அசைவைத் திரும்பச் செய்வது தேவை. அசைவின் வடிவம் பிடிபட்ட பிறகும் அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை. இளம் சிறார்களிடம் கலந்த பயிற்சியின் பலன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவில் தெரியவில்லை. ஆகவே எப்போது கலப்பது, எவ்வளவு கலப்பது என்பதை மாணவரைப் பார்த்தே ஆசிரியர் முடிவுசெய்ய வேண்டும்.

தவறு தன்னம்பிக்கையைக் குலைக்காதா?

தவறைத் தண்டனையாக்கினால் நிச்சயம் குலைக்கும். மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பதும், எல்லார் முன்னாலும் ஏளனம் செய்வதும் மாணவரின் கவனத்தைப் பந்திலிருந்து பிடுங்கி அவருடைய கைகால் மீதே திருப்பிவிடுகின்றன. அசைவின் விளைவைக் கவனிப்பவரைவிடத் தன் உறுப்பையே கவனிப்பவர் அதிகம் தடுமாறுகிறார் என்பதை ஆய்வாளர் கேப்ரியேல் உல்ஃப் 1990-களின் இறுதியிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று சொந்த வெற்றி அனுபவம் என்கிறார் உளவியலாளர் பாண்டுரா. அதிலும் எளிதில் கிடைத்த வெற்றி தரும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே சரிந்துவிடும். இடரைத் தாண்டிப் பெற்றது நிலைக்கும்.

இதற்குச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு ஒரு சான்று. அவர் ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் பாதிக்கப்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் இறுதிப்போட்டியின்போது மழை வலுத்தது. காலுறை நனைந்ததால் தாண்டுவது கடினமாகிவிட்டதாக அவரே பின்னர் சொன்னார். அப்படியும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். பாரிஸில் 2024-இல் வெண்கலம். எவ்வளவு உயர்ந்த வீரருக்கும் களம் சொன்னபடி அமைவதில்லை.

பயிற்சியில் செய்யக்கூடியவை

அடிகளைக் கலக்கும் முன்பே, ‘இன்று தவறு அதிகம் வரும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி’ என்று ஆசிரியர் சொல்லிவிட வேண்டும். மதிப்பீட்டைப் பயிற்சியின் முடிவில் வைக்காமல், இரண்டு மூன்று நாள் கழித்து, முடிந்தால் வேறொரு களத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழகிய அசைவு உறக்கத்தின்போதும் மூளையில் உறுதிப்படுகிறது. எனவே போட்டிக்கு முந்தைய இரவில் கண்விழிப்பது உழைப்பாகாது, இழப்பே. மைதானத்தை நினைத்தாலே பல வாரங்களாக அச்சமும் உறக்கமின்மையும் தொடர்ந்தால் அதை மன உறுதிக் குறைவென்று ஒதுக்காமல் மருத்துவரை நாட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

நாளை உடற்கல்வி ஆசிரியராகப் போகிறவர் தன் மாணவரின் தவறை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த மாணவர் தன்னைப் பார்க்கும் விதமும் அமையும். மலையில் பழகியவர் சமவெளியில் முதல் பந்தைத் தவறவிடக்கூடும். தவறிப் பழகியவருக்கு இரண்டாவது பந்து பயம் தராது.