நாகத் தகரத்தைத் துப்புரவு செய்யும் முறை

இரும்புத் தகட்டை உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குப் பிரான்சிலே சோரெல் என்பார் 1837 இல் காப்புரிமை பெற்றார். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். பின்னாளில் இவ்விரண்டும் மலைநாட்டிலே ஒன்றுகூடின. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆலைச்சுவர், பீலி, வாளி, லயத்துக் கூரை யாவும் நாகத் தகரமாயின. அக்கூரையின் கீழ் வாழ்வோர்க்கு ஓட்டை விழுந்த தகரமொன்று மழைக்கால முழுவதும் உறக்கமின்மையாகும். நம் பழைய மாணவருட் பலர் தோட்டங்களிற் கிளாக்கராயும் டீமேக்கராயும் பணிபுரிந்தவராதலின், இப்பொருளை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பூச்சின் கனம் மிகச் சிறிது. சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் பூசிய தகட்டிலும் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றரே உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க முயல்வோர் பெரும்பாலும் இதனையே போக்கிவிடுகின்றனர். கல்லூரி ஆய்கூடத்தில் நாகத்துண்டின்மேல் அமிலம் வார்த்து ஐதரசன் பெற்றதை எவரும் மறந்திரார். எரிசோடாவும் அவ்வாறே நாகத்தைக் கரைக்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். புளியும் தேசிக்காயும் வாளியைப் பளபளப்பாக்குவது நாகத்தை அரித்தேயாம். அத்தகைய புளிப்புணவை அவ்வாளியில் வைத்துண்பது நஞ்சு. சாம்பலைக் கரைத்து ஊறவைப்பதும் தகாது.

செய்யத்தக்கது எளிது. அடுப்புக்கரியை முதலில் உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டுக. பின் கனிய டேர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க. துணியை அடிக்கடி மாற்றாவிடின் பிசுக்கு இடம்பெயருமேயன்றி நீங்காது. மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு வேலை முடிந்ததென்பது தவறு. அதுவும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச்செல்லும். ஆதலால் இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரங் கலந்து கழுவி, நல்ல நீரால் அலசுதல் வேண்டும். தகட்டில் நீர் ஒரே படலமாய்ப் பரவினால் துப்புரவாயிற்று; துளி துளியாய்த் திரண்டால் எண்ணெய் இன்னும் உளது. இச்சோதனைக்குச் செலவொன்றுமில்லை.

மூடுபனியில் அடுக்கிவைத்த புதுத் தகரங்களிடையே ஈரம் புகுந்து காற்றுப் புகாவிடின் வெண்டுரு படியும். அதனைக் கம்பித் தூரிகையாற் சுரண்டலாகாது. நீர்த்த அமோனியாக் கரைசலும் நைலோன் தூரிகையுமே போதும். குளோரின் வெளிற்றியை அதனோடு ஒருபோதும் கலவற்க. தகரங்களைச் சற்றுச் சரித்து, இடையிடையே மரச்சட்டம் வைத்து, கூரையின்கீழ் அடுக்கினால் அவ்வேலையும் மிச்சமாகும்.

தீந்தை பூசுவோர்க்கு ஒன்று. சாதாரண எண்ணெய்த் தீந்தை நாகத்தோடு வினைபுரிந்து இடையே ஒருவகைச் சவர்க்காரத்தை உண்டாக்கி, நாளடைவில் ஏடேடாக உரியும். நாகத்துக்கென்றே செய்த அடிப்பூச்சை, தகடு நன்கு உலர்ந்தபின் இடுதல் வேண்டும்; நுவரெலியாவில் அது முற்பகல் வெயில் தகட்டிலேறிப் பனிநீர் முற்றாய் நீங்கிய பின்பே இயலும்.