கெட்டித்தரையில் கற்றதைப் பொடிப்பனியில் மறக்க வேண்டும்

2001-ல் அலாஸ்காவின் மலைச்சரிவு ஒன்றில் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி இறங்கியபோது, அவர் காலில் மாட்டியிருந்தவை பனிச்சறுக்குப் பலகைகளே அல்ல. விசைப்படகின் பின்னால் கயிறு பிடித்து ஏரியில் வழுக்கிப் போவார்களே, அந்த நீர்ச்சறுக்குப் பலகைகள். பார்த்தவர்களுக்கு வேடிக்கை. அவருக்கோ அது பரிசோதனை.

புதிதாக விழுந்த பொடிப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பனிக்கட்டி 917 கிலோ இருக்கும். அதே அளவு பொடிப்பனி பெரும்பாலும் 50 முதல் 100 கிலோதான். அதில் நிற்க முடியாது, மிதக்கத்தான் வேண்டும். வழக்கமான பலகை இடுப்பு ஒடுங்கி, இரு முனைகளும் அகன்றிருக்கும். பனி இறுகிய கெட்டித்தரையில் சாய்த்தால் வளைந்து திரும்ப அந்த வடிவம் உதவும். பொடிப்பனியிலோ அகன்ற முனைகளே கொக்கிபோல் மாட்டி இழுக்கும். மெக்காங்கி வடிவத்தைத் தலைகீழாக்கினார்: நடுப்பகுதி அகலம், முனைகள் மேல்நோக்கி வளைந்தவை. அடுத்த ஆண்டு வோலன்ட் நிறுவனம் அதை ‘ஸ்பாச்சுலா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேல்நோக்கி வளைந்த முனை இன்று பொடிப்பனிப் பலகைகளில் சர்வசாதாரணம்.

பலகை மாறினால் போதாது, கால்களின் பழக்கமும் மாற வேண்டும். கெட்டித்தரையில் திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில்தான் பாரம் இறங்கும். பொடிப்பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் புதையும், மற்றது மேலே மிதக்கும், ஆள் குப்புற விழுவார். எனவே இரு காலிலும் சம பாரம். முனை புதைந்துவிடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் பின்னால் சாய்வார்கள். தொடை கடுக்கும், பலகை சொன்ன பேச்சு கேட்காது. கொஞ்சம் வேகம் கொடுத்தாலே முனை தானாக எழும்பும்.

பனிக்கட்டித் தரையில் கதை வேறு. உலகக் கோப்பைப் பந்தயங்களில் முதலில் இறங்குபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் தடம் ஒரேபோல் இருக்க, துளையிட்ட குழாய்களால் தண்ணீரைப் பனிக்குள் செலுத்தி உறைய வைக்கிறார்கள். வீரர்கள் வெளிக்காலை நம்பி, தீட்டிய எஃகு விளிம்பை மெல்ல மெல்ல அழுத்துவார்கள். திடீரென அழுத்தினால் பிடி விட்டுப்போகும். உல்லாசப் பயணிக்கு இந்த வீம்பு தேவையில்லை. பனிக்கட்டியான இடத்தில் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, பனி சேர்ந்திருக்கும் இடம் வந்ததும் திரும்பினால் போதும்.

எல்லாவற்றிலும் கொடியது உடையும் மேலோடு. பகல் வெயிலில் உருகிய மேற்பரப்பு இரவில் இறுகி ஓடாகிறது. அடியில் இன்னும் பொடி. ஓடு நாலு அடி தாங்கும், ஐந்தாவதில் நடுத்திருப்பத்தில் உடையும்; பலகை சிக்கிக்கொள்ள, உடல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். முழங்கால் தசைநார் இப்படிக் கிழிவதுண்டு. தேர்ந்தவர்கள் இரு பலகைகளையும் சேர்த்துத் துள்ளி எழுப்பி, காற்றிலேயே திருப்பி இறக்குவார்கள். முடியாதவர்கள் சரிவின் குறுக்கே போய், ஓரத்தில் நின்று, ஒவ்வொரு காலாகத் தூக்கித் திருப்பிக்கொள்ளலாம். அழகாக இருக்காது, கால் மிஞ்சும்.

வசந்தகால மதியத்தில் இன்னொரு தொல்லை. பலகைக்கடியில் பனியை உருக்குவது எடையின் அழுத்தமல்ல, உராய்வின் வெப்பம் என்று ஆய்வாளர்கள் பௌடனும் ஹியூஸும் 1939-ல் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ஆய்வுநிலையத்தில் அவர்கள் செய்த சோதனைகளின் முடிவு அது. அந்த மெல்லிய நீர்ப்படலம் வழுக்க உதவும். வசந்தகால ஈரப்பனியில் படலம் தடித்தாலோ பலகையை உறிஞ்சிப் பிடிக்கும். அதனால் பலகையின் அடியில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் செதுக்குகிறார்கள். தண்ணீரை விலக்கும் ஃப்ளோரின் மெழுகும் வெகுகாலம் கைகொடுத்தது. சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்குவதால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதற்குத் தடை போட்டுவிட்டது. இப்போது பலகைகளைக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். ஃப்ளோரின் தெரிந்தால் தகுதிநீக்கம்.