ஒரு பெயருக்கு எத்தனை வயது?

அகளி நண்பர் ஒருவர் அண்மையில், "மெக்டவல் சரக்கு 1826-லிருந்து வருகிறதாமே!" என்று வியந்தார். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இருந்தாலும் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய வியாபார ஸ்தாபனங்களின் சரித்திரத்தைத் தேடுவது எனக்குப் பொழுதுபோக்கு. எனவே அந்த ஆண்டைத் தொடர்ந்து போனேன்.

1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் ஒரு வியாபார நிறுவனத்தைத் தொடங்கினார். இங்குள்ள வெள்ளைக்காரர்களுக்காக மதுவகைகளையும் சுருட்டையும் தருவித்து விற்பது அதன் தொழில். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் சற்றுத் தள்ளி நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்க்கும்.

அத்தனை தூரம் கெடாமல் வரக்கூடிய மதுக்களில் ஒன்று ஷெர்ரி. ஸ்பெயின் தேசத்து ஹெரெஸ் நகரின் பெயரே ஆங்கிலத்தில் அப்படித் திரிந்தது. திராட்சை மதுவில் வடித்த சாராயம் சேர்ப்பதால் அது நீண்ட பயணத்தைத் தாங்கும். அதைப் பக்குவப்படுத்த பீப்பாய்களை அடுக்கடுக்காக வைப்பார்கள். கீழ் அடுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை மேல் அடுக்கிலிருந்து நிரப்புவார்கள். உச்சி அடுக்கில் புது மது சேரும். இம்முறைக்கு 'சொலேரா' என்று பெயர். 1835-ல் தோன்றிய கொன்சாலெஸ் பையாஸ் நிறுவனம் 'சொலேரா 1847' என்றே ஒரு ஷெர்ரி விற்கிறது. 1847 என்பது அந்த அடுக்கு தொடங்கிய ஆண்டு; புட்டியிலுள்ள மதுவின் வயதல்ல.

ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். கேரளத்தின் முதல் ரயில் 1861-ல் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ஓடியது. ஆனால் தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் ஆண்டைப் பார்த்தால், அது எப்போது தயாரானது என்பது தெரியும். பாதை பழையது, தண்டவாளம் பலமுறை மாறியது.

மெக்டவலின் கதையும் அதுதான். 1898-ல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று. 1951-ல் விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. 1959-ல் கேரளத்துச் சேர்த்தலையில் அதன் வடிசாலை எழுந்தது. அப்போது கம்பெனி பிறந்த சென்னையில் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்த சட்டம் அது. நம் அகளியும் 1956 வரை அதே மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்ததுதான் என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். பிரபலமான 'நம்பர் ஒன்' விஸ்கி 1968-ல்தான் வந்தது. 2014-ல் நிர்வாகம் டியாஜியோ என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் சென்றது.

ஆக, நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: பெயருக்கு வயது 1826 முதல், வடிசாலைக்கு 1959 முதல், விஸ்கிக்கு 1968 முதல். மூன்றையும் ஒன்றாக்குவது விளம்பரம். பிரித்துக் காட்டுவது சரித்திரம்.

பெரிய கம்பெனிகளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆள் உண்டு. ஆனைகட்டி வழியாக இந்த மலைக்கு வந்து கடை வைத்த நம் தமிழ் வியாபாரிகளுக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுப் பரணில் கிடக்கும் பேரேடு, ரசீது, விலைப்பட்டியல் எதையும் அன்பர்கள் பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிட வேண்டாம். முதலில் அதிலுள்ள தேதியைப் பாருங்கள். பிறகு நம் சங்கத்துக்குக் காட்டுங்கள்.