ரோசாக் கதியால்

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்துப் பழகிய கைகளுக்கு ரோசாத் தடி நடுவது புதிய வித்தையன்று. மாரி பிறந்ததும் கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் வெட்டிக் கதியாலாக நாட்டினோம். சில வாரங்களில் அவை துளிர்த்தன. ரோசாவுக்கும் அதே நியதிதான். இருந்தும், பாரிசின் புறநகர்களில் வாழும் எம்மவர் பலர் ரோசா என்றால் கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்றே எண்ணியிருக்கின்றனர்.

தண்டின் நுனியில் உருவாகும் ஒட்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தம் கீழ்நோக்கி இறங்கி, வெட்டிய அடியில் சேர்கிறது. அங்குதான் வேர் பிறக்கிறது. கதியாலைத் தலைகீழாக நாட்டக் கூடாது என்று எமது பெரியவர்கள் சொன்னதன் காரணமும் இதுவே. ஆகவே தடியின் அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியை ஓர் அரும்புக்குச் சற்று மேலே சரிவாகவும் வெட்டுக. பின்னர் எது அடி, எது நுனி என்ற மயக்கம் வராது.

இலை உதிரும் காலமே தடி வெட்ட ஏற்றது. நவம்பர் 25ஆம் நாளாகிய புனித கத்தரீன் திருநாளில் எந்தத் தடியும் வேர்விடும் என்பது பிரெஞ்சுக் கிராமத்தாரின் முதுமொழி. அது எமது கார்த்திகை என்பதைக் கவனிக்க. அவ்வாண்டு வளர்ந்து பூத்து முற்றிய, பென்சில் பருமனான கிளையில் ஒரு சாண் நீளம் போதும். மணல் கலந்த மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி நட்டு, வெளியே, காற்று வீசாத சுவரோரம் வைக்க வேண்டும். வேர்ப்பொடி கிடைத்தால் அடியில் சிறிது தொட்டுக்கொள்ளலாம், கிடைக்காவிடினும் குறையில்லை. உருளைக்கிழங்கில் குத்தி நடுமாறு சிலர் கூறுவர். எமக்கு அழுகிய கிழங்கே மிஞ்சியது.

எம்மவர் பெரும்பாலும் பிழைவிடுவது இதற்குப் பின்னர்தான். குளிருக்கு இரங்கித் தடியை வீட்டுக்குள் எடுத்து வருகின்றனர். அகதிகள் விடுதியில் முதலாம் ஆண்டு நாமும் அதையே செய்தோம். ஐந்து தடிகளைப் பால்மாப் பேணியில் நட்டு, வெப்பமூட்டிக்கு மேலிருந்த யன்னல் விளிம்பில் வைத்தோம். தை மாதத்தில் ஐந்தும் துளிர்த்தன. விடுதி முழுவதும் வந்து பார்த்தது. இரு வாரங்களில் ஐந்தும் கருகின. தடி தன்னுள் சேமித்திருந்த உணவைக் கொண்டே இலைவிடும்; வேரில்லாத இலைக்கு நீர் ஏது? பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவருக்கு இது தெரியாதா என்று அடுத்த அறைக்காரர் கேட்டார். எமது துறை வேறு என்று சொல்லித் தப்பினோம்.

மறு ஆண்டு பேணியை வெளியே வைத்தோம். மூன்று தடிகளும் சித்திரையில் துளிர்த்தன. ஆவலை அடக்க மாட்டாமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் இல்லை, அடியில் வெண்மையான தழும்புத் திசு மட்டுமே. திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் பிழைத்தன. ஓர் ஆண்டு அசையாதிருக்க வேண்டிய பருவத்தில், ஆனி மாதம், வேறு நகருக்கு மாறும்படி கடிதம் வந்தது. இரண்டு பெட்டிகளோடு பேணியை மடியில் வைத்துப் புகையிரதத்தில் சென்றோம். நிலத்தில் நட்டிருந்தால் விட்டு வந்திருப்போம். முகவரி நிலைக்காதவர்கள் பேணியிலேயே நடுக. அடியில் ஆணியால் துளையிட மறக்க வேண்டாம்.

லியோன் நகருக்கு அருகே பிரான்சிஸ் மெய்யோன் உருவாக்கிய மஞ்சள் ரோசா ஒன்றின் கதையை இங்கு சொல்லத் தோன்றுகிறது. 1939இல், போர் மூண்ட ஆண்டில், அதன் அரும்புத் தடிகள் செருமனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. போர்க்காலத்தில் அவற்றின் கதி அவருக்குத் தெரியாது. அவையோ மூன்று நாடுகளிலும் பிழைத்து மூன்று வெவ்வேறு பெயர்களுடன் வளர்ந்தன. 1945இல் அமெரிக்காவில் அதற்கு இட்ட ‘பீஸ்’, அதாவது சமாதானம், என்ற பெயரே உலகெங்கும் பரவியது. பிரான்சில் அது இன்றும் அவருடைய தாயாரின் பெயரில் வழங்குகிறது.

அத்தடிகள் ஒட்டுவதற்காக அனுப்பப்பட்டவை. கடை ரோசாக்களிற் பலவும் காட்டு ரோசாக் கட்டையில் ஒட்டியவையே. கடுங்குளிரில் மேற்பகுதி பட்டால் கீழிருந்து முளைப்பது காட்டுச்செடிதான். தன் வேரில் நிற்கும் செடியோ மீண்டும் தானாகவே எழும். கொடி ரோசாக்களும் சிறுபூ இனங்களும் இலகுவில் வேர்விடும். பூக்கடைப் பெரும்பூ இனங்கள் சில ஏமாற்றும். உரிமை பெற்ற புதிய இனங்களை அனுமதியின்றிப் பெருக்கி விற்பது சட்டவிரோதம் என்பதையும் நினைவிற் கொள்க.

எமது குடியிருப்பின் காவலாளி அம்மையார் போர்த்துக்கேயர். கத்தரித்த கிளைகளை முன்னர் குப்பையில் எறிந்தவர், இப்போது எமக்கெனக் கட்டி வைக்கிறார். இம்முறைக்கு ஆறு பேணிகள் சேர்ந்துள்ளன. ஒன்று, மேன்முறையீட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நண்பருக்கு. கைபிடி உள்ள பேணியாகப் பார்த்துத் தரும்படி கேட்டிருக்கிறார்.