மடத்தை விட்டு மேடைக்கு
அசாமின் சத்ரியா நடனத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதை வளர்த்த தீவுதான் கரைந்துகொண்டிருக்கிறது.

மற்ற நடனங்கள் கோயிலிலும் அரண்மனையிலும் வளர்ந்தன என்றால், சத்ரியா வளர்ந்தது துறவிகளின் மடத்தில். ஆடியவர்கள் அனைவரும் ஆண்கள். பார்த்தவர்கள் பக்தர்கள். டிக்கெட்டும் இல்லை, கைத்தட்டலும் இல்லை.

அசாமிய வைணவத்தின் தந்தையான சங்கரதேவர் (1449-1568) சாதாரண மக்களிடம் கிருஷ்ண பக்தியைக் கொண்டுசெல்ல நாடகத்தைக் கையில் எடுத்தார். 'அங்கியா நாட்' எனப்படும் அந்த ஓரங்க நாடகங்களிலிருந்தும், சீடர் மாதவதேவர் எழுதியவற்றிலிருந்தும் கிளைத்ததே இந்த நடனம். 'சத்ரா' என்றால் வைணவ மடம். பெயரும் அங்கிருந்தே வந்தது.

பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள மாஜுலி தீவில், கமலாபாரி போன்ற பிரம்மச்சாரி மடங்களில் சிறுவர்கள் இளம் வயதிலேயே சேர்க்கப்படுகிறார்கள். முதல் பாடம் 'மாட்டி ஆகரா', அதாவது தரைப் பயிற்சி. இதில் 64 வகை என்பது வழக்கு. உருளுவது, வளைவது, குதிப்பது என்று பாதி யோகாசனம், பாதி ஜிம்னாஸ்டிக்ஸ். உடல் வசப்பட்ட பிறகே நடனம்.

அடிப்படை நிலைக்கு 'ஓரா' என்று பெயர். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 'ஜுமுரா' மிடுக்கான ஆண் நடனம். 'சாலி' நளினமானது, அதையும் பெண் வேடமிட்ட துறவிகளே ஆடினார்கள். பாட்டு, பெரும்பாலும் பிரஜாவலி மொழியில். ஒரு முகம் பெரிதும் மறுமுகம் சிறிதுமான 'கோல்' என்ற மேளமும் பெரிய தாளங்களும் துணை. உடை, அசாமின் பட்டு.

வெளியுலகம் இதைக் கவனித்தது தாமதமாகத்தான். 1958இல் டெல்லியில் சங்கீத நாடக அகாடமி நடத்திய கருத்தரங்கில் அறிஞர் மகேஸ்வர் நியோக் இதன் சாஸ்திரியத் தகுதிக்காக வாதாடினார். தகுதி கிடைத்தது 2000 நவம்பரில். எட்டாவது சாஸ்திரிய நடனம் என்ற பட்டம் வர 42 ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே நடனம் மடத்தைத் தாண்டிவிட்டது. ரசேஸ்வர் சைக்கியா பர்பாயன் போன்ற குருமார்கள் வெளியே வந்து பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சென்னை கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்ற இந்திரா பி.பி. போரா, அவரிடம் சத்ரியா கற்று அதை மேடையில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். இன்று மேடைகளில் பெண்களே அதிகம் தெரிகிறார்கள்.

மேடைக்கு வந்ததில் நஷ்டமும் உண்டு. இரவு முழுவதும் நீண்ட நாடகத்தின் பகுதி, சில நிமிட உருப்படியாகச் சுருங்குகிறது. நாம்கர் என்ற பிரார்த்தனைக் கூடத்தில் கடவுளை நோக்கி ஆடியது, விளக்கொளியில் ரசிகரை நோக்கித் திரும்புகிறது. ஆனால் வெளியே வராமல் இருந்திருந்தால் அசாமுக்கு அப்பால் இதன் பெயரே தெரிந்திருக்காது.

பெரிய ஆபத்து நதிதான். 1950 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண் அரிப்பு தீவிரமானது. ஒரு காலத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த மாஜுலி, இன்று அதில் பாதிகூட இல்லை. பல சத்ராக்கள் இடம்பெயர்ந்து கரையேறிவிட்டன. நடனத்தை மேடை காப்பாற்றிவிடும். விடியலில் தரையில் உருண்டு அதைக் கற்கும் வாழ்க்கைக்குத் தரை வேண்டும்.